கடுகெண்ணெயில் ஊறிய தோல்

பச்சித்தர் சிங்குக்கு வாய் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பர்னாலா சாலையில் கோட் பகீரா நிறுத்தத்தில் இறங்கி, பம்பு மிஸ்திரி எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அங்கே போய் நின்றதும் முதலில் கிடைப்பது திட்டு. டீசலில் தண்ணீர் விட்டதற்குத் திட்டு, வடிகட்டி மாற்றாததற்குத் திட்டு, நடுவில் வேறு மிஸ்திரியிடம் காட்டியிருந்தால் அதற்குத் தனியாக ஒரு திட்டு. எல்லாம் ஓய்ந்தபிறகுதான் மனுஷன் ஸ்பானரைக் கையில் எடுப்பார். ஆனால் அவர் பார்த்த வேலை நீடித்து நிற்கும். அதனால்தான் ஐம்பது ஏக்கர்க்கார ஜட் விவசாயிகள்கூட அந்த ஒல்லி மிஸ்திரிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவருடைய பெயர் நின்றதே கவர்னர் வேலையில்தான். டிராக்டர் இன்ஜினுக்கு டீசலை அளந்து கொடுப்பது பம்பு. அந்தப் பம்பின் முதுகில் உருண்டையாக ஒட்டியிருக்கும் கவர்னர்தான் இன்ஜினுக்கு மூக்கணாங்கயிறு. பழைய டிராக்டர்களில் அதற்குள்ளே டீ சாஸர் அகலத்துக்கு ஒரு தோல் வட்டம் இருக்கும். இன்ஜின் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு குழாய் வழியாக அந்தத் தோலையும் சேர்த்து இழுக்கும். தோல் இழுபட்டால் டீசல் குறையும், வண்டி அடங்கி நிற்கும். தோலில் கீறல் விழுந்துவிட்டால் இழுப்புக்குப் பிடி இருக்காது. பின்னாலிருக்கும் சுருள்வில் டீசலை முழுசாகத் திறந்துவிட்டு விடும். அப்புறம் அந்த இன்ஜின் யார் பேச்சையும் கேட்காது.

கம்பெனித் தோல் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் பாதி போலி. ஆகவே பச்சித்தர் கடைத்தெருவில் ஜுத்திச் செருப்பு தைக்கிறவரிடம் நல்ல ஆட்டுத் தோலாகப் பார்த்து வாங்கி, தானே வட்டமாக வெட்டி, மூன்று நாள் கடுகெண்ணெயில் ஊறப்போட்டு மாட்டுவார். எடுத்தால் வெண்ணெய் மாதிரி வளையும். எந்த எண்ணெய் என்று மற்ற மிஸ்திரிகள் நச்சரித்துப் பார்த்தார்கள். "அது என் கைப்பக்குவம்" என்பதோடு சரி. கம்பெனிப் புத்தகத்தில் வேறு ஏதோ எண்ணெய் எழுதியிருந்தது. புத்தகம் எழுதியவனுக்கு என்ன தெரியும் என்பது அவர் கட்சி.

வேலை முடிந்ததும் கவர்னர் மூடியின் திருகுகளில் கம்பி கோத்து, ஈயக் குண்டு வைத்து, கோதுமைக் கதிர் போட்ட தன் இடுக்கியால் ஓர் அழுத்து. அதுதான் அவருடைய முத்திரை. ஒரு மிஸ்திரி வைத்த முத்திரையை இன்னொரு மிஸ்திரி வெட்டுவதில்லை. அந்தப் பக்கத்தில் அது எழுதாத சட்டம். சந்தேகம் வந்தால் முத்திரை வைத்தவனிடமே வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள். மரியாதைதான், வேறென்ன. ஆனால் அந்த மரியாதை என்ன பாடு படுத்தியது என்பதுதான் இந்தக் கதை.

ஊரில் அவர் திட்டினால் சிரிக்கிற ஒரே ஆள் தர்பாரா சிங். எட்டு ஏக்கர்க்காரர், பூஞ்சை மனசு. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள். "டேய் தர்பாரா, உன் டிராக்டருக்கு உன்னைவிட மூளை ஜாஸ்திடா" என்பார் பச்சித்தர். "அதுக்கு மூளை வச்சது நீதானே, எனக்கும் கொஞ்சம் வச்சிருக்கலாமில்ல" என்பார் தர்பாரா. சாயங்காலமானால் வெல்லம் போட்ட டீயோடு இந்தக் கூத்து தினமும் நடக்கும்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய ஜனவரியில் அது முடிந்துபோயிற்று.

பச்சித்தருக்கு ஒரே மகன், ஜஸ்மேர். இருபத்திரண்டு வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மின்வாரிய வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்தான். ஒரு விடியற்காலை, எதிரே நிற்பவர் முகம் தெரியாத மூடுபனி. தர்பாராவின் வேலையாள் வரவில்லை. கரும்பு டிரெய்லரை மாட்டவேண்டும். "நான் வர்றேன் சாச்சா" என்று சித்தப்பா முறை சொல்லி ஜஸ்மேர் போனான். டிரெய்லரின் கொக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றான். தர்பாரா டிராக்டரை அங்குலம் அங்குலமாகப் பின்னால் கொண்டுவந்தார். ஒரு முழம் இருக்கும்போது இன்ஜின் திடீரென்று அலறிற்று. வண்டி பின்னால் பாய்ந்தது. பையன் இரண்டு இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசல்வரை உயிர் தாங்கவில்லை.

"நான் டீசல் லீவர்ல கையே வைக்கல பச்சித்தரா. அதுவாச் சீறிச்சு, அதுவாவே சீறிச்சு" என்று தர்பாரா காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மூன்றாம் நாள் பஞ்சாயத்து கூடியது. பம்பில் கோளாறா, ஓட்டினவன் கோளாறா? ஊரில் அதைச் சொல்லத் தெரிந்த ஆள் ஒருவர்தான், செத்தவனின் அப்பா. டிராக்டரைக் கடைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மத்தியானம், பக்கத்தில் கணப்பு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பச்சித்தர் ஐந்து பெரியவர்கள் முன்னால் சோதித்துக் காட்டினார். சோதனை எளிது. காற்றுக் குழாயைக் கழற்று, இன்ஜினை நிறுத்துகிற லீவரை முழுசாகத் தள்ளிப் பிடி, குழாய் மாட்டுகிற ஓட்டையை விரலால் இறுக்கி அடை, லீவரை விடு. தோல் நல்லபடியாக இருந்தால் லீவர் இருந்த இடத்திலேயே நிற்கும். கீறல் இருந்தால் நழுவித் திரும்பி வந்துவிடும். இருபது எண்ணினார். லீவர் நகரவில்லை. மூடியைத் திறந்து பார்க்கலாமே என்றார் ஒரு பெரியவர். பச்சித்தர் ஈயக் குண்டைக் காட்டினார். "என் முத்திரை அப்படியே இருக்கு. உள்ள நான் வச்சது வச்சபடி இருக்கும். பம்புல குறை இல்ல. கைதான் குறை."

தர்பாரா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப்பிறகு மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

போலீஸ், வழக்கு எதுவும் வேண்டாமென்று முடிவாயிற்று. நாற்பது நாள் குருத்வாராவில் வருகிறவர்களின் செருப்பைத் துடைக்கும்படி தர்பாராவுக்குச் சொன்னார்கள். காரியத்தன்று அவர் மனைவி சிந்தர் கைகூப்பிக்கொண்டு வந்தபோது, பச்சித்தரின் மனைவி நசீப் கௌர் அவள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். தர்பாரா டிராக்டரைச் சந்தையில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். நாற்பது நாள் போய், வருஷங்களும் போயின. அவர் செருப்புத் துடைப்பதை நிறுத்தவில்லை. பச்சித்தர் குருத்வாரா போனால் தன் செருப்பைச் செருப்பறையில் கொடுக்கமாட்டார். சுவரோரமாகத் தானே கழற்றி வைத்துவிட்டுப் போவார்.

இந்த ஜனவரியில் லாப் சிங் வந்தார். மான்சா பக்கத்து ஆள், பெருத்த தொந்தி, அதைவிடப் பெருத்த சிரிப்பு. நீலப் பெயின்ட் அடித்த ஒரு பழைய டிராக்டரைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மிஸ்திரி ஜி, இதுக்குப் பேய் பிடிச்சிருக்கு."

"பேய் ஓட்டறவன் கடை அடுத்த தெரு. இங்க பம்புதான்."

"கேளுங்க சாமி. பனி விழுற காலையில மட்டும் திடீர்னு ஊளையிடுது. ஒரு கால் மணி நேரம் ஓடிச் சூடாயிட்டா பசுமாடு. எந்த மிஸ்திரிகிட்டக் கொண்டுபோனாலும், மாமியார் வீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளை மாதிரி ஒழுக்கமா நிக்குது. என்னைத்தான் கிறுக்கன்னு பாக்கறாங்க."

"எத்தனை பேர்கிட்டக் காமிச்சே?"

"திட்டாதீங்க, ரெண்டே பேரு. எனக்கு முன்னாடி வச்சிருந்தவங்க எத்தனை பேர்கிட்டக் காமிச்சாங்களோ. நாலு கை மாறி வந்திருக்கு. இதுக்குப் பயந்துதான் ஒவ்வொருத்தனும் தள்ளிவிட்டிருக்கான். மான்சா மிஸ்திரி மூடியைத் திறக்கப் போனவரு, முத்திரையைப் பாத்ததும் கையை எடுத்துட்டாரு. 'இது கோட் பகீராக்காரர் முத்திரை, நான் தொடமாட்டேன், அவர்கிட்டயே போ'ன்னுட்டாரு."

பச்சித்தர் குனிந்தார். அழுக்கைத் துணியால் வழித்தார். கோதுமைக் கதிர். டிராக்டரின் பின்பக்கம் போனார். கொக்கிச் சட்டத்தில் இடப்பக்கம் ஒரு வெல்டிங் தழும்பு. அவரே நின்று போடவைத்தது. தர்பாரா வண்டியின் பழைய சிவப்பு நிறம் நீலத்துக்கு அடியிலிருந்து திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

மகன் நசுங்கிய இடத்தில் அவர் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். எடுத்துக்கொண்டு போய்விடு என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் லாப் சிங் சொன்ன ஒரு வார்த்தை உள்ளே முள்ளாய்க் குத்தியது. பனி விழுற காலையில மட்டும்.

"வண்டி இங்கயே நிக்கட்டும்," என்றார். "வெளிய, திறந்த வெளியில. காலையில பாக்கறேன்."

"திட்டவே இல்லியே! உடம்பு கிடம்பு சரியில்லியா மிஸ்திரி ஜி?" என்று லாப் சிங் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

விடிந்தபோது டிராக்டரின் மேல் உப்புத் தூவினாற்போல் உறைபனி. பச்சித்தர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தனியாக வந்தார். இன்ஜினைக் கிளப்பவில்லை. கணப்பு மூட்டவில்லை. குழாயைக் கழற்றினார். லீவரைத் தள்ளிப் பிடித்து, ஓட்டையை விரலால் அடைத்து, லீவரை விட்டார். ஒன்று என்றார். இரண்டு சொல்வதற்குள் லீவர் வழுக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது.

விரல் சரியாக அடைக்கவில்லை என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு மறுபடி செய்தார். மூன்றாம் முறை எச்சிலைத் தொட்டு அடைத்தார். இருபது வேண்டாம், மூன்று வரை நில்லேன் என்று இரும்பிடம் கெஞ்சினார். அது நிற்கவில்லை.

தன் முத்திரையைத் தானே வெட்டினார். நாலு திருகு. மூடி கையோடு வந்தது. உள்ளே தோல் கறுத்து, எண்ணெய் வற்றிக் கோந்தாகி, அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. விளிம்பை ஒட்டிப் பிறை வடிவில் ஒரு கீறல். உள்ளங்கையில் வைத்துப் பொத்தி ஊதினார். சூடு பட்டதும் தோல் இளகியது. கீறலின் இரண்டு உதடும் ஒட்டிக்கொண்டு, கீறலே இல்லாததுபோல் மூடிக்கொண்டன. கையைத் திறந்து குளிரில் நீட்டினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வாயைப் பிளந்தது.

கடுகெண்ணெய் போட்டால் தோல் அன்றைக்கு வெண்ணெய்தான். நாளானால் பிசினாக இறுகும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் அந்த மத்தியானம் கணப்புக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் பனியில் நிறுத்தியிருந்தால், ஈயக் குண்டைக் காட்டாமல் நாலு திருகைக் கழற்றியிருந்தால், அந்தக் கீறல் அன்றைக்கே ஐந்து பெரியவர்களையும் பார்த்து வாயைத் திறந்திருக்கும். தன் மகனைக் கொன்றது தன் கைப்பக்குவம் என்பது பச்சித்தருக்கு விளங்கியது. அது போதாதென்று ஒரு நல்ல மனுஷனையும் சேர்த்துக் கொன்றிருந்தார். டிராக்டரின் பின்சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்று அவருக்கே தெரியாது. குருத்வாராவில் காலைப் பாடல் தொடங்கிய சத்தம் கேட்டுத்தான் எழுந்தார். தோலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நடந்தார்.

செருப்பறையில் தர்பாரா சாக்கு விரித்து உட்கார்ந்து யாருடைய ஷூவையோ துடைத்துக்கொண்டிருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. வந்து நின்ற கால்களை அடையாளம் கண்டு அவர் கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வழக்கம்போல சுவரோரம் விட்டுடு. நான் தொடமாட்டேன்."

பச்சித்தர் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"இங்க உக்காராதே, அழுக்கு" என்றார் தர்பாரா.

"இதைப் பாரு." கைக்குட்டையை விரித்தார். "உன் டிராக்டர்ல இருந்தது. கவர்னர் தோல். வெடிச்சிருக்குடா. குளிர்ல திறக்குது, சூட்டுல மூடிக்குது. நான் ஊறவச்ச தோல். நீ கையே வைக்கல தர்பாரா. நீ சொன்னதுதான் நிஜம்."

தர்பாரா தோலைப் பார்க்கவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார். "இல்லப்பா. நான் வச்சேன்."

"வைக்கலடா!"

"வச்சேன். மொத வருஷம் எனக்கு ஞாபகம் வரல. அப்புறம் தெனம் இங்க உக்காந்து யோசிச்சு யோசிச்சு ஞாபகம் வந்துடுச்சு. குளிர்ல விரல் மரத்துப் போயிருந்துச்சு. கை லீவர்ல பட்டுது, அது உள்ள போச்சு. எனக்கு நல்லாத் தெரியும். பம்பைப் பத்தி உனக்குத் தெரியாதா? நீ தப்பாச் சொல்லுவியா?"

பச்சித்தர் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். தலைப்பாகை சரிந்தது. "தப்பாச் சொன்னேன்டா. திறந்து பாக்காமச் சொன்னேன். என் முத்திரைமேல இருந்த நம்பிக்கை உன்மேல இல்லாமப் போச்சு."

அப்போதுதான் தர்பாரா தோலைக் கையில் எடுத்தார். கீறலில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். "அப்ப, நான் இல்லியா?"

"நீ இல்ல."

தர்பாராவின் உதடு கோணிக்கொண்டது. துடைத்துக்கொண்டிருந்த ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் குனிந்து அழுதார். சத்தமே வரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. பச்சித்தர் அந்த முதுகைத் தொடப் போனார். தொடுகிற தகுதி தனக்கு இல்லையென்று கையை இழுத்துக்கொண்டார்.

அழுது முடித்ததும் தர்பாரா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "நசீப்புக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதே."

"என்னடா சொல்றே?"

"அவளுக்கு இப்ப மிச்சம் இருக்கறது நீ ஒருத்தன். பெத்த அப்பனே காரணம்னு தெரிஞ்சா உன்கூட ஒரே கூரைக்கடியில எப்படி இருப்பா? என்னைத் திட்டித் திட்டித்தான் அவ இத்தனை நாள் தாக்குப்பிடிச்சிருக்கா. எனக்குப் பழகிடுச்சு பச்சித்தரா. இது என்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும்."

இப்படி ஒருத்தனைத்தான் கைதான் குறை என்று ஊர் நடுவில் சொன்னோம் என்று பச்சித்தர் நினைத்துக்கொண்டார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், சரி என்று சொல்லிவிடத்தான் தோன்றியது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தோன்றியது.

அந்நேரம் தெருவில் ஒரு டிராக்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது. பனியில் இருமிக்கொண்டு கிளம்பிய பழைய இன்ஜின். அந்தச் சத்தம் யாருடையது என்று அவருக்குத் தெரியும். அதற்குள்ளும் அவர் ஊறவைத்த தோல். மனசுக்குள் எண்ணினார். இந்த ஊரிலும் பக்கத்து ஊரிலுமாகப் பதினொரு வண்டி. இந்த மாதிரிக் காலையில் ஒவ்வொன்றின் பின்னாலும் யாராவது ஒரு பிள்ளை கொக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"முடியாதுடா" என்று எழுந்தார்.

குருத்வாராவின் ஒலிபெருக்கியில்தான் அந்த ஊருக்கு எல்லாச் செய்தியும் வரும். எருமை காணாமல் போனது, ரேஷனில் கோதுமை வந்தது, கண் பரிசோதனை முகாம், யார் வீட்டுச் சாவு, எல்லாம். காலை வழிபாடு முடிந்து, கிரந்தம் ஓதுகிற கியானி மைக்கை அணைக்கப் போனார். பச்சித்தர் கைகூப்பி இரண்டு நிமிஷம் கேட்டார். முதலில் வீட்டுக்குப் போய் நசீப்பிடம் சொல்லியிருக்கலாம். வீடு ஐந்து நிமிஷ நடைதான். வண்டிகள் கிளம்பிக்கொண்டிருக்கின்றன, அவசரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவசரம் நிஜம்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட ஊர் முழுவதையும் பார்க்காமல் சொல்வது சுலபமாயிருந்தது. பயம்தான், வேறொன்றுமில்லை.

"எல்லாருக்கும் சத் ஸ்ரீ அகால். பம்பு மிஸ்திரி பச்சித்தர் பேசறேன். நான் கவர்னருக்குத் தோல் மாட்டிக் குடுத்த வண்டி எதையும் இன்னிக்குக் கிளப்பாதீங்க. கிளப்பியிருந்தா நிறுத்துங்க. வண்டிக்குப் பின்னாடி யாரும் நிக்கவேண்டாம்." பதினொரு பெயரையும் சொன்னார். பிறகு நிறுத்தினார். ஊருக்கெல்லாம் அவர் மூச்சு கேட்டது. "இன்னொண்ணு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி என் மகன் ஜஸ்மேர் செத்தது தர்பாரா சிங்கால இல்ல. அவர் கை வைக்கல. நான் மாட்டின தோல் வெடிச்சு வண்டி பாஞ்சுச்சு. பஞ்சாயத்துல நான் சொன்னது பொய். தெரியாமச் சொன்னாலும் பொய் பொய்தான்." மேலே வரவில்லை. கியானி மெல்ல மைக்கை வாங்கி அணைத்தார்.

வீட்டில் நசீப் கௌர் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிசைந்த மாவு தட்டில் இருந்தது. அடுப்பு பற்றவைத்திருக்கவில்லை. பச்சித்தர் வாசலிலேயே நின்றார்.

"ஜஸ்மேர் அப்பா," என்றாள். குரல் உயரவில்லை. "எருமை தொலைஞ்ச சேதியெல்லாம் அதுலதான் வரும். என் பிள்ளை சேதியையும் அதுலதான் நான் கேக்கணுமா?"

"நசீப்..."

"ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எனக்குத் தனியாச் சொல்லணும்னு தோணலியா? அவன் எனக்கும் பிள்ளைதானே."

அவள் எழுந்து கையைக் கழுவினாள். சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எங்க போறே?"

"சிந்தர் வீட்டுக்கு. வாசல்ல வந்தவ முகத்துல கதவை அடிச்சேன். ஆறு வருஷமாத் தெருவுல அவளைப் பாத்தா எச்சில் துப்பிட்டுப் போனேன்."

"நானும் வர்றேன்."

"வேணாம். என் பங்குக்கு நான் மன்னிப்புக் கேக்கப் போறேன். உங்க பங்குக்கும் சேத்துக் கேக்க என்கிட்டத் தெம்பு இல்ல."

அவள் போய்விட்டாள். பச்சித்தர் கடைக்குப் போனார். வாசலில் அதற்குள் ஆறு டிராக்டர் நின்றிருந்தன, மாட்டைக் கட்டியோ ஆள்களைக் கூட்டியோ இழுத்து வந்திருந்தார்கள். அவர் அன்றைக்கு யாரையும் திட்டவில்லை. ஒவ்வொரு முத்திரையாக வெட்டினார், ஒவ்வொரு மூடியாகத் திறந்தார். இரண்டு தோல் வெடிக்கத் தொடங்கியிருந்தன. ஒரு வண்டிக்காரர், பத்து வயசுப் பையனின் அப்பா, அந்தத் தோலை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார். லாப் சிங் மத்தியானம் வந்து, விஷயம் கேள்விப்பட்டு, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

நசீப் கௌர் சாயங்காலம்தான் திரும்பினாள். பச்சித்தர் முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் வந்து கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"தர்பாரா என்ன சொன்னான்?" என்று அவர் கேட்டார்.

"கால்ல விழப் போனேன். விடல. லவுட்ஸ்பீக்கர்ல பச்சித்தர் சொன்னதை நம்பாதே தங்கச்சின்னாரு. 'உன் புருஷனுக்கு என்மேல பாவம் பாத்து மனசு இளகிப் போச்சு, அதான் பழியைத் தன் தலையில போட்டுக்கறான். லீவர்ல கை வச்சது நான்தான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு'ன்னு சத்தியம் பண்ணினாரு. சிந்தர் பக்கத்துல நின்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுதா."

பச்சித்தர் அவளைப் பார்த்தார்.

"அன்னிக்கு நிஜத்தைச் சொன்னாரு, நாம நம்பல," என்றாள் நசீப் கௌர். "இன்னிக்கு உங்களுக்காகப் பொய் சொல்றாரு. நம்பிட்ட மாதிரி தலையாட்டிட்டு வந்தேன். அவருக்கு நம்மளால குடுக்க முடிஞ்சது அவ்வளவுதான்."

பச்சித்தர் வாய்விட்டு அழுதார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவர் மேலாக எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நசீப் கௌர் அவரைத் தேற்றவில்லை. எழுந்தும் போகவில்லை.